ஞாயிற்றுக்கிழமை நோயாளி

இது நடந்தது. நடந்தபோது என் கையில் கமரா இருந்தது, காதில் ஹெட்போன் இருந்தது, வயிற்றில் ஒரு சொட்டு மதுவும் இருக்கவில்லை. பாரிசின் லா சப்பலில் வீடியோ சஞ்சீவன் எப்படிப்பட்டவன் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். மனிதர்களையே நம்பாதவன் பேயை எங்கே நம்பப் போகிறான் என்று சொல்வார்கள்.

நம்பவில்லைத்தான். போன மார்கழி வரைக்கும்.

என் தொழிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணவீடு, பெரியபிள்ளையானவர்களின் சாமத்தியவீடு, சங்கங்களின் ஆண்டு விழா, எல்லாம் எடுப்பேன். சங்க விழாக்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அதனால் அவற்றை மனதாரக் கேவலமாக நினைக்கும் உரிமையும் எனக்கு உண்டு. மேடையில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்துவார்கள். கீழே இருக்கிறவர்கள் அடுத்த விழாவில் மேடையில் இருப்பார்கள். நான் மூன்று கோணத்தில் எடுத்து, வயலின் இசை போட்டுக் கொடுப்பேன். அழுகிற முகம் கிடைக்காவிட்டால், கொட்டாவி விடுகிற முகத்தை வைத்துச் சமாளிப்பேன்.

கார்த்திகை மாதத்தில் குகதாசன் அண்ணை கூப்பிட்டார். அவருக்கு இரண்டு பலசரக்குக் கடை, ஒரு சாப்பாட்டுக் கடை, நகைக் கடை ஒன்றில் பங்கு. எத்தனை சங்கத்துக்குத் தலைவர் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. இந்த முறை டொக்டர் பெலிமாருக்கு நினைவு விழா என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

டொக்டர் சோலாஞ் பெலிமார் கரிபியன் கடலில் இருக்கிற குவாதலூப் தீவில் பிறந்தவர். கப்பலில் வந்து, பாரிசில் படித்து, எழுபதுகளின் கடைசியில் ரூ பெர்தொனே வீதிக்குப் பக்கத்துத் தெருவொன்றில் முதலாம் மாடியில் காபினே என்கிற வைத்திய அறையைத் திறந்தார். அந்தத் தெருவில் டொக்டர் என்று பெயர்ப்பலகை மாட்டிய முதல் கறுப்புப் பெண் அவர்தான். அந்தக் காலத்தில் பழைய பிரெஞ்சுச் சனம் படியேறி வந்து, கதவைத் திறந்த முகத்தைப் பார்த்துவிட்டு, விலாசம் மாறிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டு இறங்கிப் போய்விடுமாம். அவரே இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். இரண்டு மூன்று வருடம் நோயாளிகளுக்குப் போட்ட வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்.

பிறகு நாங்கள் வந்தோம். பப்பியே என்கிற வதிவிடக் காகிதம் இல்லை, மொழி இல்லை, எல்லைக் காட்டில் பனியில் நடந்து வீங்கிய கால். மற்ற இடங்களில் முதலில் காகிதத்தைக் கேட்டார்கள். இவர் இரண்டே கேள்விதான் கேட்டார். முழுப் பெயர் என்ன? எங்கே நோகிறது? எங்களிடமே கேட்டுக் கேட்டு எங்கள் தமிழில் கொஞ்சம் பழகிக்கொண்டார். "மூச்சு இழு. விடு. இஞ்சை நோகுதோ?" பிரெஞ்சு நாக்கில் அந்த யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டால் நோயாளிக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் அதட்டுவார். வந்த புதிதில் காய்ச்சலோடு நானும் போயிருக்கிறேன். எல்லா அலுவலகத்திலும் துண்டு துண்டாக உடைந்துபோன என் முழுப் பெயரை, ஓரெழுத்து விடாமல் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்.

எங்கள் சனம் அவரை என்ன பெயர் சொல்லி அழைத்தது தெரியுமா? கறுவல் டொக்டர். சுகமாகும் வரைக்கும் அவரிடம் போனார்கள். பப்பியே கிடைத்து, கையில் காப்புறுதி அட்டையும் வந்த பிறகு, "நல்ல டொக்டர்" தேடி வெள்ளைத் தோலிடம் போனார்கள். கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்க்காமல் தலை சீவுகிற சனம்.

போன வசந்தத்தில் அவர் செத்தார். அடக்கத்துக்கு எங்கள் ஆட்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் வந்தது. குகதாசன் அண்ணையைக் காணவில்லை. இலையுதிர்காலத்தில் ஒரு கதை வந்தது. அவர் இருந்த கட்டடச் சுவரில் மெரி, அதுதான் நகரசபை, ஒரு நினைவுப் பலகை வைக்கப் போகிறதாம். அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் டொக்டரில் பாசம் பொங்கியது. மெரியின் பிரதிநிதி வருவார். பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம்.

மேடைக்கான பெரிய பதாகையைக் காட்டினார் குகதாசன் அண்ணை. வெள்ளைக் கோட் போட்ட ஒரு கறுப்புப் பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ. இணையத்தில் அகப்பட்ட யாரோ ஒருத்தி.

இது டொக்டர் இல்லையே என்றேன்.

"கறுப்பா இருக்கிறா. வெள்ளைக் கோட் போட்டிருக்கிறா. ஆருக்குத் தெரியப்போகுது, சஞ்சீவன்?" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அவருடைய காபினேயையாவது உண்மையாக எடுத்து ஒரு சின்னப் படம் போடுவோம் என்றேன். சம்மதித்தார். இடையில் தன்னுடைய படத்தையும் இரண்டு இடத்தில் சேர்க்கச் சொன்னார்.

காபினேயின் சாவி சிசிலியா அக்காவிடம் இருந்தது. மன்னார் ஆள். திரான்சியில் இருக்கிறார். இளம் வயதில் அங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்து, பிறகு கடைசிவரை டொக்டரின் வரவேற்பு மேசையில் இருந்தவர். டொக்டரின் மருமகன் அலெக்சாந்த்ர் அறையை இன்னும் காலி செய்யவில்லை, எல்லாம் இருந்தபடியே இருக்கிறது என்றார். சாவியைத் தந்தார். தந்துவிட்டு என் கையை விடவில்லை.

"சனிக்கிழமை போம், தம்பி. ஞாயிறு மட்டும் போகாதையும்."

ஏன் என்று கேட்டேன். என் கையை விட்டுவிட்டு உள்ளே போனார். எனக்கோ சனிக்கிழமை லெ பிளாங்-மெனிலில் ஒரு சாமத்தியவீடு. வயதான பெண்கள் எல்லாருக்கும் ஏதாவது ஒரு பயம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஞாயிறே போனேன்.

நான்கு மணி கழிந்திருக்கும். மார்கழியில் அந்த நேரத்துக்கே வெளிச்சம் வடியத் தொடங்கிவிடும். கீழே தெரு நிறையச் சனம். கொத்துரொட்டிச் சத்தம். சாறிக் கடை வாசலில் பாட்டு. மேம்பாலத்தில் மெத்ரோ போகிற இரைச்சல். பேய்க்குத் தோதான இடமும் இல்லை, நேரமும் இல்லை.

படியேறினேன். இரண்டு பூட்டு. திறந்து உள்ளே போய், கதவை உள்ளுக்குப் பூட்டி, சாவியைப் பூட்டிலேயே விட்டேன். கமராவோடு தனியாக இருக்கும்போது எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

முதலில் காத்திருக்கும் அறை. நோயாளிகள் வரிசையாக இருக்கிற ஒரு நீண்ட மர வாங்கு. சில கதிரைகள். அதற்கு அடுத்தது டொக்டரின் அறை. பரிசோதிக்கிற கட்டில், நிறை பார்க்கிற தராசு, ஆணியில் தொங்குகிற இதயத்துடிப்புக் குழாய். மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த இடம். எங்கும் தூசி. கதிரைகளில் தூசி. மேசையில் தூசி.

வாங்கிலும் தூசி. ஒரு முனையைத் தவிர.

அந்த முனையில் ஓர் ஆள் இருக்கிற அளவுக்கு மரம் துடைத்த மாதிரிப் பளபளத்தது.

சிசிலியா அக்கா வந்து இருந்திருப்பார் என்று நினைத்தேன். ஒரு கமராவை முக்காலியில் பூட்டி, வாங்கைப் பார்க்கத் திருப்பி ஓட விட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கைக் கமராவோடு டொக்டரின் அறைக்குள் போனேன். ஒலிவாங்கி அமைதியாக இருந்தது. தூரத்தில் மெத்ரோ. வேறு ஒன்றும் இல்லை.

காது வியர்த்தது. ஹெட்போனைக் கழற்றினேன்.

யாரோ இருமினார்கள்.

நெஞ்சின் அடியிலிருந்து வருகிற இருமல். ஈரமான இருமல். பக்கத்து வீடு என்று நினைத்து ஹெட்போனைத் திரும்ப மாட்டினேன். அமைதி. ஒலிமானியின் முள் அசையவில்லை. கழற்றினேன். இருமல். மாட்டினேன். அமைதி.

வயர் ஏதோ பழுது என்று நினைத்தேன். என் பொருட்களைப் பழுது பார்ப்பவனைத் திட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாங்கின் முனையில் ஓர் ஆள் இருந்தான்.

இருபத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. மார்கழிக் குளிரில் அரைக்கைச் சட்டை. நேராக இருந்தான். இரண்டு கையும் முழங்காலில். பள்ளிக்கூடத்தில் படம் எடுக்க இருத்திய பிள்ளை மாதிரி. உதடு நீலம் பாரித்திருந்தது.

"டொக்டர் வந்திட்டாவோ?" என்றான்.

எப்படி உள்ளே வந்தாய் என்று கேட்டேன். இருமினான். இருமும்போது கை வாய்க்குப் போகவில்லை. தோள் குலுங்கவில்லை. உடம்பு கொஞ்சமும் அசையாமல் சத்தம் மட்டும் வந்தது.

அந்த நேரம் எனக்குப் பயம் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. பிள்ளை புதிதாக வந்திருக்கிறான். பப்பியே இல்லை. எவனோ பழைய விலாசத்தைக் கொடுத்திருக்கிறான். மேடை போடவும் பதாகை அடிக்கவும் ஆள் இருக்கிறது, டொக்டர் செத்துப்போனார் என்று இந்தக் கதவில் ஒரு வரி எழுதி ஒட்ட ஆள் இல்லை. அந்த முகத்தைப் பார்த்துச் சாவுச் செய்தி சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

"டொக்டர் இனி இஞ்சை வரமாட்டா, தம்பி. வாற ஞாயிறு மண்டபத்திலை அவவுக்கு விழா. அங்கை வாங்கோ. குகதாசன் அண்ணைதான் நடத்துறார். அவர் ஏதாவது செய்வார்."

கடைசி வசனத்தை நக்கலாகத்தான் சொன்னேன். அவனுக்கு அது விளங்கவில்லை.

"குகனோ?" என்றான். முதல்முறையாக முகத்தில் ஏதோ அசைந்தது. "குகன்தான் என்னை இதிலை இருத்தினவன்."

குகன். சொந்தப் பெண்சாதியே அந்த மனிதரை அப்படிக் கூப்பிடுவதில்லை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. முக்காலியை மடக்கக் குனிந்தேன். குனிந்தபடியே, உம்முடைய பெயர் என்ன என்று கேட்டேன்.

"வரதராசா."

அது வாங்கிலிருந்து வரவில்லை. என் காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. குளிராக.

திரும்பினேன்.

அவன் வாங்கில்தான் இருந்தான். கை முழங்காலில்.

சாமான்களை அள்ளினேன். கதவுக்குப் போனேன். கைப்பிடியை இழுத்தேன்.

வரவில்லை.

உள்ளுக்குப் பூட்டியிருந்தது. நான் பூட்டியபடியே. சாவி நான் விட்ட இடத்திலேயே...

அப்போதுதான் வந்தது பயம். காலிலிருந்து மேலே வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. சாவியைத் திருகினேன். ஒரு பூட்டு. மற்றப் பூட்டு...

முதுகுக்குப் பின்னால் இருமல்.

திறந்தேன். வெளியே பாய்ந்தேன்.

"கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ," என்றது குரல். மரியாதையாக. "குளிருது."

சாத்தினேன். பூட்டினேன். ஏன் பூட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து மூளையைத் திரட்டி யோசித்தேன். உள்ளே வேறு அறை இருக்கலாம். மலகூடம் இருக்கலாம். போக்கிடம் இல்லாத ஒரு பொடியன் எனக்கு முதலே உள்ளே புகுந்து படுத்திருக்கலாம். எல்லாம் சரியாகப் பொருந்தியது. நிம்மதி வந்தது. அந்த நிம்மதியோடு, முக்காலியில் ஓடிய கமராவைத் திரையில் போட்டேன்.

வாங்கு தெரிந்தது. நான் வந்து நிற்பது தெரிந்தது. எப்படி உள்ளே வந்தாய் என்று கேட்கிறேன். நிறுத்துகிறேன். தலையாட்டுகிறேன். டொக்டர் இனி வரமாட்டா, தம்பி என்கிறேன்.

வெறும் வாங்கிடம்.

யாரிடமும் சொல்லவில்லை. விழாவுக்குப் போகாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். ஒப்புக்கொண்ட வேலை. போனேன்.

ஞாயிறு பின்னேரம், சால் என்று நாங்கள் சொல்கிற வாடகை மண்டபம். மங்கள விளக்கு, தோரணம், முன்னால் சாய்கதிரைகள், நடுவில் அந்தப் பதாகை. மெரியிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். ஒரு சொல் விளங்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டொக்டரின் மருமகன் அலெக்சாந்த்ரும் வந்திருந்தார். தலை நரைத்த உயரமான மனிதர், கல்லூரி ஆசிரியர். பதாகையையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பிரெஞ்சில் கேட்டார்: அந்தப் பெண் யார்?

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. தெரியாது, மெஸ்யோ என்றேன். அவர் மிகவும் நாகரிகமாகத் தலையசைத்துவிட்டுப் போய் இருந்தார். பேசக் கூப்பிட்டபோது மறுத்துவிட்டார். சிசிலியா அக்கா கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் இருந்தார்.

ஒருவர் வாழ்த்துப்பா படித்தார். டொக்டரின் பெயரைப் பெல்மார் என்றும் பெலிமாறன் என்றும் மாற்றி மாற்றிச் சொன்னார். ஒருவர் தன் சங்கத்தின் வளர்ச்சியைப் பற்றிப் பேசினார். டொக்டரை நெருங்கி அறிந்ததாகச் சொன்ன இன்னொருவர், அவரை ஆபிரிக்காவின் புதல்வி என்றார். குவாதலூப் எங்கே இருக்கிறது என்று அந்த மேடையில் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். பிறகு குகதாசன் அண்ணை எழுந்தார். என் சின்ன ஒலிவாங்கியை அவருடைய கழுத்துப்பட்டியில் குத்திவிட்டேன்.

"எங்களை இந்த மண்ணில் தாங்கிய தாய்," என்று தொடங்கினார். மேடைத் தமிழ். "ஓய்வு பெற்ற பின்பும், உடல் தளர்ந்த பின்பும், ஞாயிற்றுக்கிழமைகளில்கூடத் தன் கதவைத் திறந்து வைத்த தெய்வம்..."

இருமல்.

ஹெட்போனில் இல்லை. எனக்குத் தெரியும், அதில் வராது. ஹெட்போனைத் தாண்டி, என் எலும்பில் கேட்டது.

முன்வரிசையின் முனைக் கதிரை. வராத ஒரு பிரமுகருக்காக விட்டிருந்தது. அதில் இருந்தான். அதே அரைக்கைச் சட்டை. கை முழங்காலில். நேராக. மேடையைப் பார்த்தபடி.

பக்கத்துக் கதிரையில் இருந்தவர் கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

குகதாசன் அண்ணை நிறுத்தினார்.

காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். முனைக் கதிரையைப் பார்த்தார். கமராவை அவர் முகத்துக்கு இழுத்தேன். தொழில் பழக்கம். முகத்தில் ரத்தம் இல்லை. வாய் திறந்து மூடியது. மேடை ஒலிவாங்கியிலிருந்து விலகி நின்றார். அதனால் சனத்துக்குக் கேட்டிருக்காது. கழுத்துப்பட்டியில் இருந்தது என் ஒலிவாங்கி. எனக்குக் கேட்டது.

"வரதராசா..."

மூச்சு.

"அண்டைக்கு ஞாயிறு எண்டு எனக்குத் தெரியும்."

தன் பெயரைக் கேட்டதும் அவன் எழுந்தான்.

அதுவரை அவன் உடம்பு அசைந்து நான் பார்த்ததில்லை. மெதுவாக எழுந்தான். நடுப்பாதையால் நடந்தான். என் கமராவைக் கடந்து போனான். குளிர் வந்து போனது.

குகதாசன் அண்ணை காகிதத்தைக் கீழே விட்டார். மேடையால் இறங்கினார். பெண்சாதி கலாவதி அக்கா முன்வரிசையிலிருந்து எட்டிக் கையைப் பிடித்தார். உதறினார். கோட் இல்லாமல், பொன்னாடை ஒரு தோளில் தொங்க, அவனுக்குப் பின்னால் போனார். கதவு திறந்தது. மூடியது.

சனம் கைதட்டியது.

ஆமாம். கைதட்டியது. தலைவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று ஒருவர் ஒலிவாங்கியில் சொன்னார். மெரிப் பெண்மணி கண்ணைத் துடைத்தார். பிறகு வடை வந்தது.

வீடியோவில் முனைக் கதிரை வெறுமையாகத்தான் இருக்கிறது. குகதாசன் அண்ணை வெறும் பாதையில் ஒன்றைப் பின்தொடர்ந்து போகிறார். ஒருமுறை கை நீட்டி எதையோ தொடப் பார்க்கிறார். நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறார்.

இரண்டு நாள் கழித்து, சாவியைக் கொடுக்கவென்று திரான்சிக்குப் போனேன். ஞாயிறுதான் போனேன் என்றேன். சிசிலியா அக்கா என் முகத்தைப் பார்த்தார். கண்டனீரோ என்று கேட்டார். கண்டேன் என்றேன். பெயரைச் சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்.

பிறகு சொன்னார்.

எண்பத்தெட்டின் குளிர்காலம். ஒரு சனிக்கிழமை மத்தியானம், காபினே பூட்டுகிற நேரத்தில், ஒரு பொடியன் தனியாக வந்தான். இருமினால் ரத்தம். டொக்டர் முழுப் பெயரைக் கேட்டு, நெஞ்சைப் பார்த்துவிட்டு, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். அறையில் கூட இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றவனை, கேட்டுவிட்டு உடனே வா என்று அனுப்பினார். ஒரே அறையில் பலர் பாய் போட்டுப் படுத்த காலம் அது. ஆஸ்பத்திரிக்குப் போனால் விலாசம் கேட்பார்கள், பொலிஸ் வரும், எல்லாரையும் பிடிக்கும் என்று பயந்த காலம். அவன் திரும்பி வரவில்லை.

ஞாயிறு அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. அப்போது ஞாயிற்றில் டொக்டர் வருவதும் இல்லை. திங்கள் காலையில் கூட்டித் துடைக்க வந்தது சிசிலியா அக்கா. அப்போது அந்த மர வாங்கு கதவுக்கு வெளியே, படிக்கட்டின் திருப்பத்தில் கிடந்தது. அதன் முனையில் அவன் இருந்தான். நேராக. கை முழங்காலில். விறைத்துப்போய்.

"ஆரோ கொண்டுவந்து இருத்திப்போட்டுப் போட்டினம். டொக்டர் இப்ப கூப்பிடுவா, அசையாமல் இரு எண்டு சொல்லியிருக்கவேணும். அவன் அசையேல்லை," என்றார் சிசிலியா அக்கா. "ஆர் எண்டுதான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது."

அறையில் இருந்தவர்கள் ஒருவரும் அவனைத் தெரியும் என்று வரவில்லை. அடக்கம் செய்தது டொக்டர். வாங்கைத் தூக்கி உள்ளே போட்டதும் அவர்தான். அடுத்த ஞாயிறு, மறந்துவிட்ட ஏதோ ஒன்றை எடுக்க வந்தவர், மாலைவரை வீட்டுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. கதவு திறந்திருப்பதைக் கண்டு மற்ற நோயாளிகளும் வரத் தொடங்கினார்கள். மேடையில் தெய்வம் என்றார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை வைத்தியம் தொடங்கிய விதம் இதுதான்.

ஞாயிறுகளில் முதல் ஆளாக டொக்டர் யாரைக் கூப்பிடுவார் என்பது சிசிலியா அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அறைக் கதவைத் திறந்து, "மெஸ்யோ வரதராசா," என்பார். ஓர் ஆள் நடந்து உள்ளே போகிற நேரம் அளவுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சாத்துவார். உள்ளே அவருடைய குரல் மட்டும் கேட்கும். மூச்சு இழு. விடு. சிசிலியா அக்கா ஒருநாளும் ஒருவரையும் கண்டதில்லை. ஒருமுறை மட்டும், இது என்ன டொக்டர் என்று கேட்டாராம். வரச் சொன்னது நான்தானே, பார்க்காமல் விடலாமா என்று பிரெஞ்சில் பதில் சொன்னாராம். எரிச்சலோடு. முட்டாள்தனமான கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி.

நான் சாவியை மேசையில் வைத்தேன். சிசிலியா அக்கா அதை எடுக்கவில்லை.

"குகதாசன் நேற்று வந்து கேட்டவர்," என்றார். "நீர் தந்தவுடனை குடுக்கிறன் எண்டு சொன்னனான்."

குடுப்பீர்களா என்றேன்.

"அவருக்குத்தானே குடுக்கவேணும்."

பங்குனியில் மெரி நினைவுப் பலகையைச் சுவரில் பதித்தது. அதில் பெயர் சரியாக இருந்தது. குவாதலூப் என்றும் இருந்தது. எங்கள் தலைவர்கள் எல்லாரும் வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். குகதாசன் அண்ணை கீழே வரவில்லை. எல்லாச் சங்கத்திலிருந்தும் விலகிவிட்டதாகச் சொன்னார்கள். அந்தப் பதவிகளுக்கு அதற்குள் அடிபிடி தொடங்கிவிட்டது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

கூட்டம் கலைந்த பிறகு கலாவதி அக்கா என்னிடம் வந்தார். நன்றாக மெலிந்துபோயிருந்தார். சால் வீடியோவை ஒருவருக்கும் காட்ட வேண்டாம் என்று கேட்டார். சரி என்றேன். போகாமல் நின்றார்.

தன் மனிதர் ஒவ்வொரு ஞாயிறும் விடியக் குளித்துவிட்டு இங்கே வந்துவிடுகிறார், சாப்பாடும் இல்லை, இருட்டினால்தான் வருகிறார் என்றார். இப்போது மேலே போய்க் கூப்பிட்டுப் பார்த்ததாகவும் சொன்னார். கதவு திறந்துதான் இருந்ததாம். உள்ளே டொக்டரின் அறை சாத்திக் கிடந்ததாம். அவர் அந்த நீண்ட வாங்கில் இருந்தாராம்.

"எழும்புங்கோ, வீட்டை போவம் எண்டன், தம்பி. பொறு, எனக்கு முன்னாலை ஒரு ஆள் உள்ளை போயிருக்கு எண்டார்."

சொல்லிவிட்டு, அந்த முதலாம் மாடி யன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த அறைக்குள்ளை ஒரு பொம்பிளை கதைச்சுக் கேட்டது. தமிழ்தான். ஆனால் எங்கடை ஆக்கள் கதைக்கிற மாதிரி இல்லை."